காதர்க் குட்டையில் மீன் விடலாமா? – வாசகர் கேள்வி பதில்

தில்லியில் யமுனைக் கரையோரமாக, வெள்ளம் ஏறி இறங்கும் தாழ்நிலத்தைக் காதர் என்பார்கள். அங்கே தேங்கும் மழைக்காலக் குட்டைகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெள்ளத்தையும் மீனையும் பற்றியே கேட்டிருந்தபடியால், இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

மயூர் விஹார் முதல் பகுதியிலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் காதர் நிலத்தில் ஆண்டுதோறும் மழைக்குப் பின் பெரிய குட்டை ஒன்று நிற்கிறது. தை, மாசிக்குள் வற்றிவிடுகிறது. அதை ஆழப்படுத்தி, சுற்றிலும் சுவர் எழுப்பி, ஆழ்குழாய்க் கிணற்று நீரால் ஆண்டு முழுவதும் நிரப்பி, மீன் குஞ்சுகளை விட்டால் கொசு ஒழியும், பறவைகள் வரும் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேசுகிறார்கள். நானும் கைதூக்கி ஆதரித்தேன். செய்தது சரிதானா?

நீர்நிலை ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு குடியிருப்பே கூடிப் பேசுவது இந்த ஊரில் பெரிய காரியம். அதற்காக உங்கள் சங்கத்தைப் பாராட்டுகிறேன். ஆனாலும் இந்தத் திட்டம் வேண்டாம் என்று அடுத்த கூட்டத்தில் நீங்களே எழுந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குட்டை வற்றுவதை எல்லோரும் ஒரு குறையாகப் பார்க்கிறார்கள். அதில் வாழும் சிற்றுயிர்களில் பலவற்றுக்கு அந்த வறட்சிதான் பாதுகாப்பு.

வெள்ளச் சமவெளிக் குட்டை ஒன்றில் எந்தெந்த முதுகெலும்பற்ற உயிர்கள் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் இரண்டு செய்திகளை வைத்தே சொல்லிவிடலாம். தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்பது ஒன்று. மீன் உள்ளே நுழைந்ததா என்பது மற்றொன்று. இரண்டும் பிணைந்தே இருப்பவை. வற்றும் குட்டையில் மீன் நிலைக்காது. ஆற்றோடு தொடர்புள்ள வற்றாத குட்டையில் மீன் இல்லாமல் இருப்பது அரிது. அந்தத் தொடர்பை உண்டாக்குவது வெள்ளம். வெல்போர்ன், ஸ்கெல்லி, வெர்னர் என்ற மூன்று அமெரிக்கச் சூழலியலாளர்கள் 1996இல் நன்னீர்நிலைகளை இந்த அடிப்படையில்தான் வரிசைப்படுத்திக் காட்டினார்கள். ஒரு முனையில் சில வாரங்களில் வற்றிவிடும் குழிகள். அங்கே விரைந்து வளர்ந்து முடிப்பதே பிழைக்கும் வழி. இடையில் மாதக்கணக்கில் நீர் நின்றும் மீன் வந்து சேராத குட்டைகள். அங்கே தட்டானின் இளம்புழுவும் நீர்வண்டும்தான் பெரிய வேட்டையாடிகள். மறுமுனையில் மீன் உள்ள நிலையான நீர். அங்கே ஒளிந்து வாழத் தெரிந்தவை மட்டுமே மிஞ்சும். ஓர் உயிரினம் இந்த மூன்று இடத்திலும் ஒன்றுபோல் செழிப்பது கடினம், ஏனென்றால் விரைந்து வளர வேண்டுமானால் ஓயாமல் அலைந்து இரை தேட வேண்டும், அப்படி அலைந்தால் மீனின் கண்ணில் பட்டுவிடும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு வெள்ளைத் தட்டில் பார்ப்பது எளிது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி மாதக் காலையில், தேநீர் வடிகட்டியும் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளும் எடுத்துக்கொண்டு காதரில் இறங்கினேன். ஐம்பது அடி இடைவெளியில் இரண்டு குட்டைகள் இருந்தன. ஒன்று சிறு வாய்க்காலால் ஆற்றோடு சேர்ந்திருந்தது. மற்றது ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் மழைநீரில் மட்டுமே நிரம்பியிருந்தது. மேட்டுக்குப் பின்னால் இருந்த குட்டையின் நீரைத் தட்டில் ஊற்றியதும் தட்டு முழுவதும் துடித்தது. வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரியும் அளவில், வெளிர்மஞ்சள் நிறத்தில் நீர்த்தெள்ளு (டாஃப்னியா) என்னும் சிற்றுயிர்கள் துள்ளித் துள்ளி ஏறி இறங்கின. அவற்றின் முதுகுப் பக்கத்து ஒளி ஊடுருவும் பையில் முட்டைகள் கரும்புள்ளிகளாக அடுக்கப்பட்டிருந்தன. மல்லாந்து நீந்தும் பூச்சிகள் இரண்டு, நீண்ட பின்னங்கால்களைத் துடுப்புப் போல் வீசிக்கொண்டு சுற்றின. ஓரத்தில் அசையாமல் கிடந்த தட்டான் இளம்புழு ஒன்று, முகத்துக்கு அடியில் மடித்து வைத்திருந்த கீழுதட்டை ஒரு நொடியில் நீட்டி, நெளிந்து போன கொசுப்புழு ஒன்றைப் பிடித்து வாய்க்குள் இழுத்துக்கொண்டது.

வாய்க்காலோடு சேர்ந்த குட்டையின் நீரை மற்றத் தட்டில் ஊற்றியபோது முதலில் அது வெறுமையாகத் தோன்றியது. கைலென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தூசி போன்ற சிற்றுயிர்கள் தெரிந்தன. ஒரு விரல் நகத்தின் நீளம்கூட இல்லாத மீன் குஞ்சுகள் நான்கைந்து இருந்தன. பாசிக்கொடியோடு ஒட்டிக்கொண்டு வந்த சிறு நத்தைகளும், சேற்றைக் கிளறியபோது வெளிப்பட்ட ஒரு தட்டான் இளம்புழுவும் இருந்தன. அந்தக் குட்டையிலும் உயிர் இருந்தது. ஆனால் பெரிதாய், வெளிப்படையாய், திறந்த நீரில் நீந்துவது எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

உங்கள் சங்கத்தின் திட்டம் முதல் தட்டை இரண்டாம் தட்டாக மாற்றும் திட்டம். சுவர் எழுப்பினால் ஆற்றோடு வந்துபோகும் தொடர்பும் அறுந்துவிடும். பறவைகளைப் பொறுத்தவரை, சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்கும் நத்தையைத் தேடி வரும் நத்தை குத்தி நாரைக்கும் சரிந்த கரையும், மெல்ல மெல்லப் பின்வாங்கும் ஆழமற்ற நீரும்தான் வேண்டும். செங்குத்தான சுவருக்குள் ஆழமாக நிற்கும் நீரில் நீர்க்காகம் மூழ்கலாம். உள்ளான் நிற்க இடமிராது. சங்கத்தின் பணத்துக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. அங்கே லாரி லாரியாகக் கொட்டப்படும் கட்டட இடிபாட்டைத் தடுத்தாலே போதும்.

முனிர்க்கா வாசகர்: அப்படியானால் கொசு? கம்பூசியா மீனை விட்டால் கொசுப்புழு ஒழியும் என்று பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோமே?

கம்பூசியா கொசுப்புழுவைத் தின்னும் என்பது உண்மை. 1928இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததே அதற்காகத்தான். ஆனால் அது கொசுப்புழுவை மட்டும் தேடித் தின்னும் மீன் அன்று. நீர்த்தெள்ளு, நீர்ப்பூச்சிகளின் குஞ்சுகள், தவளையின் தலைப்பிரட்டை, பிற மீன்களின் முட்டை என்று வாய்க்கு அடங்கியதையெல்லாம் தின்னும். கொசுவை இயல்பாகவே அடக்கிவைக்கும் மல்லாந்து நீந்தும் பூச்சியையும் தட்டான் இளம்புழுவையும் குறைத்துவிட்டு, அவற்றின் வேலையைத் தான் செய்வதாகக் காட்டுகிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் அதன் பெயரும் உண்டு. கட்டட வேலை நடக்கும் இடத்துத் தொட்டியில் அதை விடுவதற்கும் காதரில் விடுவதற்கும் வேறுபாடு உண்டு. காதரில் விட்டது அடுத்த வெள்ளத்தில் எங்கே போகும் என்பது யார் கையிலும் இல்லை.

கொசு எந்தக் குட்டையில் பெருகுகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் சேஸும் நைட்டும் 2003இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆண்டுதோறும் வற்றும் குட்டைகளில் வறட்சிக்குப் பழகிய வேட்டைப்பூச்சிகளும் போட்டியாளர்களும் உண்டு. என்றுமே வற்றாதவற்றிலும் வேட்டையாடிகள் நிறைந்திருக்கும். வழக்கமாக வற்றாமல், எப்போதோ ஒரு கடும் வறட்சியில் மட்டும் வற்றிப்போகும் நீர்நிலை மீண்டும் நிரம்பும் ஆண்டில்தான் கொசு பெருத்தது, ஏனெனில் அங்கிருந்த வேட்டையாடிகள் வறட்சியில் மடிந்திருந்தன, கொசு மட்டும் பறந்து வந்து உடனே முட்டையிட்டது. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி நிரப்பும் எந்தக் குளத்துக்கும் மோட்டார் பழுதாகும் ஒரு கோடையில் இதே நிலை வரலாம்.

ஜனக்புரி, ஒன்பதாம் வகுப்பு மாணவி: மே மாதம் வெடித்துக் கிடந்த குழியில் மழை பெய்து ஒரு வாரத்துக்குள் இத்தனை பூச்சிகள் எங்கிருந்து வந்தன?

நல்ல கேள்வி, மகளே. சில பறந்து வந்தவை: நீர்வண்டும் மல்லாந்து நீந்தும் பூச்சியும் இரவில் நீரின் பளபளப்பைக் கண்டு இறங்கும், தட்டான் வந்து முட்டையிட்டுப் போகும். சில வெள்ளநீரோடு ஆற்றிலிருந்து வந்தவை. ஆனால் முதலில் தோன்றியவை எங்கிருந்தும் வரவில்லை. அவை அந்த மண்ணிலேயே இருந்தன.

நீர்த்தெள்ளு, சைக்ளாப்ஸ் என்னும் சிறு நீருயிரின் இனத்தவை, அவற்றினும் நுண்ணிய சக்கர உயிரிகள் (ரோட்டிஃபர்), தேவதை இறால் என்று அழைக்கப்படும் மென்மையான சிறு ஓடற்ற இறால் போன்றவை வற்றும் காலத்தை உறங்கியே கழிக்கின்றன. நீர் குறையத் தொடங்கும்போது நீர்த்தெள்ளு தடித்த கறுப்பு உறைக்குள் உறங்கும் முட்டைகளை இடும். அந்த முட்டை வெயிலில் காயும், மாடு மிதிக்கும், காற்றில் தூசியாய்ப் பறக்கும், ஆனாலும் சாகாது. நீர் பட்டதும் ஓரிரு நாளிலேயே பொரியத் தொடங்கும். எல்லா முட்டைகளும் முதல் மழையிலேயே பொரிந்துவிடுவதில்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது. முதல் மழை பொய்த்து நீர் மீண்டும் வற்றிவிட்டால் பொரிந்தவை அனைத்தும் மடியும்; விதைநெல் முழுவதையும் ஒரே மழையை நம்பி விதைக்காத உழவரைப் போல, ஒரு பங்கு அடுத்த மழைக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் மண்ணிலேயே காத்திருக்கும்.

தேவதை இறாலுக்கு ஒளியத் தெரியாது, கடிக்கத் தெரியாது, ஓடும் வேகமும் இல்லை. மீன் உள்ள நீரில் அதனால் நிலைத்து வாழ முடியாது. சில வாரங்களுக்குள் பொரிந்து, வளர்ந்து, முட்டையிட்டு, மீன் வருவதற்கு முன்பே வாழ்க்கையை முடித்துக்கொள்வதுதான் அதன் தற்காப்பு.

நீயே செய்து பார்க்கலாம். கோடையில் இப்படிப்பட்ட குழியின் மேல்மண்ணில் இரண்டு கரண்டி எடுத்து வைத்துக்கொள். அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு மழைநீரை நான்கு விரற்கடை உயரத்துக்கு மெதுவாக ஊற்று. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும்; அதுதான் கிடைத்தால் ஒரு நாள் வெளியே திறந்து வைத்துவிட்டு ஊற்று. நேரடி வெயில் படாத வெளிச்சமான சன்னலோரத்தில் வை. சேறு படிந்ததும் நாள்தோறும் மாலையில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒளிக்கற்றைக்குள் வெண்புள்ளி ஒன்று தானாக நகர்ந்தால், உன் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஒரு வாரம் ஆகியும் ஒன்றும் இல்லையென்றால் வேறோர் இடத்து மண்ணை எடுத்துப் பார்.

ஆர்.கே.புரம் வாசகர்: ஐயா, நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன், நாற்பது ஆண்டுகளாக தில்லியில் இருக்கிறேன். எங்கள் ஊர்க் கண்மாயில் விரால், கெளுத்தி, அயிரை எல்லாம் இருக்கும். நத்தையும் நண்டும் தட்டானும் அதே கண்மாயில் குறைவில்லாமல் இருந்தன. மீனைப் பகைபோல் எழுதுவது நியாயமா?

நியாயமான குறை, ஏற்றுக்கொள்கிறேன். மீன் வெள்ளச் சமவெளியின் பகை அன்று. உங்கள் ஊர்க் கண்மாயையே எடுத்துக்கொள்வோம். கோடையில் நீர் இறங்கி, ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்தி, அத்தனை மீனையும் வாரிக்கொண்டு போன பிறகு கண்மாய் காயும். வண்டலை வயலுக்கு அள்ளுவார்கள். விராலும் தேளியும் காற்றைச் சுவாசிக்க வல்லவையாதலால் கடைசிச் சேற்றுக்குழியில் சில தப்பும். அயிரை ஈரச்சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். அடுத்த மழையில் நீர் வந்ததும் முதலில் எழுவது மண்ணில் உறங்கிய சிற்றுயிர்கள். மீன் பெருகிவர இன்னும் சில வாரங்களாகும். அந்த இடைவெளியில் நீர்த்தெள்ளு ஒரு தலைமுறையையோ இரண்டு தலைமுறையையோ முடித்து, அடுத்த ஆண்டுக்கான முட்டையை மண்ணில் சேர்த்துவிடும். பின்னால் வரும் மீன் குஞ்சுக்கு அந்தப் பெருக்கமே முதல் உணவு. மிகச் சிறிய வாய் உள்ள நாளில் சக்கர உயிரிகள், கொஞ்சம் வளர்ந்ததும் நீர்த்தெள்ளு. ஆகவே நீங்கள் ஒரே கண்மாயில் கண்டவை, ஒரே ஆண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்து வாழ்ந்தவை. அந்த முறையைக் காத்தது கோடை.

மீன் இல்லாவிட்டால் பிழைக்கவே முடியாத முதுகெலும்பற்ற உயிரும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. நம் ஆறுகளிலும் குளங்களிலும் சேற்றில் பாதி புதைந்து கிடக்கும் பெரிய நன்னீர்ச் சிப்பியின் குஞ்சுகள், பிறந்த சில நாட்களில் ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ பற்றிக்கொள்ள வேண்டும். சில வாரங்கள் அங்கேயே ஒட்டி வளர்ந்துவிட்டு, மீன் போன இடத்தில் உதிர்ந்து சேற்றில் இறங்கும். தன் காலால் ஊர்ந்து ஒரு சிப்பி வாழ்நாளில் கடக்கும் தூரம் மிகக் குறைவு. வெள்ளத்தில் மீன் ஏறிப்போனால்தான் சிப்பியும் புதிய குட்டைக்குப் போகும்.

மீன் தின்பதைக்கூட, கிடைத்ததையெல்லாம் ஒரே சீராகத் தின்பதாக எண்ண வேண்டாம். பகலில் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் பெரியதையும் அசைவதையும் முதலில் எடுக்கும். செக் நாட்டு அறிஞர் யாரோஸ்லாவ் ஹெர்பாச்செக், எல்பே ஆற்றின் வெள்ளச் சமவெளியில் துண்டாகிக் கிடக்கும் குட்டைகளை ஆராய்ந்து, 1960களின் தொடக்கத்தில் இதை வெளியிட்டார். மீன் நெருக்கமாக இருந்த குட்டைகளில் பெரிய நீர்த்தெள்ளு மறைந்து சிறியவையே மிஞ்சின. பாசியை வடிகட்டித் தின்பவை குறைந்ததால் நீர் பச்சையாகிக் கலங்கியது. மீன் குறைந்த இடத்தில் பெரியவை திரும்ப வந்தன, நீரும் தெளிந்தது.

நடத்தையும் மாறும். வட அமெரிக்காவின் ஊசித்தட்டான்களில் மீன் உள்ள ஏரிகளில் வாழும் இனங்களின் இளம்புழு, ஆபத்து நெருங்கினாலும் தண்டோடு ஒட்டி அசையாமல் இருக்கும். நீந்தினால் மீன் பிடித்துவிடும். மீனில்லாத ஏரிகளில் பெரிய தட்டான் இளம்புழுதான் ஆபத்து. அதனிடமிருந்து நீந்தித் தப்பலாம் என்பதால் அங்கே வாழும் இனங்கள் நீந்தி ஓடும். ஆய்வாளர் மார்க் மெக்பீக் பல ஆண்டுகள் உழைத்துக் கண்ட செய்தி இது. ஓர் இனத்தை மற்றதன் ஏரியில் விட்டால் அதன் பழைய தற்காப்பே அதற்கு எமனாகிவிடும்.

நான் எதிர்ப்பது இரண்டைத்தான்: மீன் வராத குட்டையில் நாமாகக் கொண்டுபோய் விடுவதையும், ஜிலேபிக் கெண்டை, சாதாக் கெண்டை போன்ற அயல் மீன்களை விடுவதையும். சாதாக் கெண்டை சேற்றை உறிஞ்சிக் கிளறித் துப்பும் பழக்கம் உள்ளது. வேர்பிடித்த நீர்ச்செடிகள் அதனால் பெயர்ந்துபோகும். நத்தைக்கும் ஊசித்தட்டானுக்கும் மீனிடமிருந்து ஒளிய இருந்த ஒரே இடம் அந்தச் செடிகள்தான். இந்த இரண்டு மீன்களும் யமுனையில் ஏற்கெனவே பெருகிவிட்டன.

நொய்டா வாசகி: 2023 வெள்ளம் இந்தக் குட்டைகளுக்கு நல்லதா, கெட்டதா?

அந்த ஆண்டு ஜூலை 11இல் ஹரியானாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் விநாடிக்கு 3.5 லட்சம் கனஅடியைத் தாண்டியது. ஜூலை 13இல் பழைய ரயில் பாலத்தில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. அதற்கு முன் 1978இல் பதிவான 207.49 மீட்டர்தான் உச்சமாக இருந்தது. காதரில் வெள்ளரியும் காய்கறியும் பயிரிட்டு வாழ்ந்தவர்கள் வீடும் விளைச்சலும் இழந்து உங்கள் பக்கத்து மேம்பாலங்களின் கீழ் வாரக்கணக்கில் தங்கியிருந்ததைப் பார்த்தவன் நான். ஆகவே நல்லது என்ற சொல்லை நான் எளிதாகச் சொல்ல மாட்டேன். குட்டைகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பெருவெள்ளத்தில் எல்லாக் குட்டைகளும் ஒரே நீராகிவிடும். ஆண்டுதோறும் ஆறு எட்டும் தாழ்ந்த குட்டைகளில் மீன் எப்போதும் வந்துபோகும். எப்போதோ ஒருமுறை மட்டுமே எட்டும் மேட்டுக் குட்டைகளிலும் அந்த ஆண்டு மீன் ஏறும். முட்டை உறங்கும் மண்மேல் புதிய வண்டல் படியும். வேறிடத்து முட்டைகளும் அதோடு வந்து சேரும். நீர் இறங்கியபின் மேட்டுக் குட்டை மீண்டும் தனித்துப் போகும். அதில் அகப்பட்ட மீனைக் கொக்கும் நாரையும் தின்னும், எஞ்சியது வற்றும்போது மடியும், பிறகு பல ஆண்டுகள் அது மீனில்லாக் குட்டையாகவே இருக்கும். இப்படித் தாழ்ந்தது, மேட்டில் உள்ளது, புதிதாகத் தனித்தது, நெடுநாளாகத் தனித்தது என்று பல வயதுக் குட்டைகள் அருகருகே இருப்பதால்தான், எந்த ஒரு குட்டையிலும் அடங்காத அளவு உயிரினங்கள் மொத்தச் சமவெளியிலும் தங்குகின்றன. வெள்ளம் ஏறி இறங்கும் இந்தத் துடிப்பே ஆற்றுச் சமவெளி உயிர்களின் அடிப்படை என்று யுங்க், பெய்லி, ஸ்பார்க்ஸ் ஆகியோர் 1989இல் எழுதினார்கள்.

தில்லியில் கெட்டுப்போயிருப்பது இந்தத் துடிப்புதான். வஜீராபாத் முதல் ஓக்லா வரையிலான 22 கிலோமீட்டரில், புஷ்தா என்று நாம் சொல்லும் கரைகள் இருபுறமும் நெருக்கியதால் மேட்டுக் குட்டைகள் பல ஆற்றை இழந்துவிட்டன. ஓக்லா தடுப்பணைக்கு மேலே நீர் ஆண்டு முழுவதும் தேக்கப்படுவதால் ஆகாயத்தாமரை படர்கிறது, மண் காய வழியில்லை. வடிகால்களின் ஓரத்துக் குட்டைகளோ சாக்கடையால் வற்றாமல் நிற்கின்றன. அங்கே மீனுமில்லை, நீர்த்தெள்ளுமில்லை. உயிர்வளி அற்ற சேற்றில் தாங்கக்கூடிய சிவப்புப் புழுக்கள்தான் கற்றை கற்றையாக இருக்கும். நீரில் கிடைக்கும் துளி உயிர்வளியையும் பிடித்து வைத்துக்கொள்ளும் ஹீமோகுளோபின் தரும் நிறம் அது.

கரோல் பாக் வாசகர்: ஆகஸ்ட், செப்டம்பரில் எங்கள் மொட்டைமாடிக்கு மேல் மஞ்சள் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றன. அவையும் இந்தக் குட்டைகளிலிருந்து வருபவைதானா?

அவற்றில் ஒரு பகுதி அப்படி இருக்கலாம். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை என்று ஊரில் சொல்வார்கள். இந்த இனம் உண்மையாகவே மழைக்காற்றோடு வருவது. புதிதாகத் தேங்கிய ஆழமற்ற நீரைத் தேடி முட்டையிடும். பல தட்டான்களின் இளம்புழு மாதக்கணக்கில் நீரில் இருக்க, இதன் இளம்புழு ஆறேழு வாரத்திலேயே வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். ஒளிந்திருக்காமல் ஓயாமல் இரை தேடித் தின்பதால்தான் அந்த வேகம். அதனாலேயே மீன் உள்ள நீர் இதற்கு ஆகாது. ஜூலை வெள்ளத்தில் நிரம்பி, மீன் வராமல், செப்டம்பர் வரை நிற்கும் குட்டை இதற்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது.

குட்டையில் மீன் இருப்பதும் இல்லாததும் கரையில் உள்ள செடிக்குக்கூடத் தெரியும். அமெரிக்காவின் புளோரிடாவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், மீன் உள்ள குளங்களைச் சுற்றித் தட்டான்கள் குறைவாக இருந்தன. தட்டான் பிடித்துத் தின்னும் தேனீயும் ஈயும் அதனால் மிகுந்தன. அங்கிருந்த பூக்களுக்கு மகரந்தம் கூடுதலாகக் கிடைத்தது. மீனில்லாக் குளங்களைச் சுற்றி இதற்கு நேர்மாறு.

இந்த மஞ்சள் தட்டான்கள் மழை முடிந்ததும் வடகாற்றோடு தெற்கே போகின்றன. அக்டோபரில் மாலத்தீவில் பெருங்கூட்டமாகத் தோன்றுகின்றன. அங்கே அவை முட்டையிட்டுப் பெருகத்தக்க நன்னீர் மிகக் குறைவு. அங்கிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை செல்கின்றன என்று, மாலத்தீவில் வாழ்ந்து கவனித்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். அவை எங்கிருந்து வருகின்றன என்பதைப் பிறகு சிறகே காட்டிக்கொடுத்தது. தட்டானின் சிறகு, இளம்புழுவாக அது வளர்ந்த நீரின் ஹைட்ரஜனைக் கொண்டே உருவாகிறது. மழைநீரில் உள்ள கனமான ஹைட்ரஜனின் அளவு இடத்துக்கு இடம் வேறுபடும். மாலத்தீவில் பிடித்த தட்டான்களின் சிறகுகளை அப்படி அளந்து பார்த்து 2012இல் வெளியிட்ட முடிவு, அவை தென்னிந்தியாவில் வளர்ந்தவையாக இருக்க முடியாது, வட இந்தியாவிலும் அதற்கு அப்பாலும் உள்ள குட்டைகளில் வளர்ந்தவை என்று காட்டியது.